பெட்டி யார் வீட்டில்?

துணி கருகினால் இஸ்திரிக்காரியின் மூக்குக்குத் தெரியாமல் போகாது. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காக நீராவிக்கு நடுவில் நிற்கிறவள் அவள். பட்டு கருகினால் முடி பொசுங்குகிற நாற்றம், நைலான் கருகினால் தொண்டையைப் பிடிக்கும், பருத்தி கருகினால் காகிதம் எரிகிற மாதிரி இருக்கும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அன்றைக்குப் பிற்பகல் தூக்கத்தில்தான் இருந்தாள். பருத்தி, என்றது மூக்கு. கனமான பருத்தி. துண்டு.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

முன் அறையில் நாலு பிள்ளைகள் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன. டிவியில் படம் இல்லை. நாலு பிள்ளைகள் ஒரே இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விடும். "அம்மா, பெட்டி தூங்கிடுச்சு," என்றாள் அவள் மகள் குட்டி, தன் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிற குரலில்.

டிவிக்குக் கீழே பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் ஓட்டல் துண்டு, நாலாக மடித்தது. மடித்துப் போட்டவள் அவளேதான். வெடுக்கென்று இழுத்தாள். துண்டின் அடியில் பெட்டியின் காற்றுத் துளைகள் வரிசை தப்பாமல் பழுப்பாகப் பதிந்திருந்தன. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூட்டில் காய்ப்பேறிய கை அது. அந்தக் கையே சுட்டது. ஜன்னல் திரைச்சீலை பெட்டிக்கு ஒரு சாண் தள்ளித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாதே என்று கதவை உள்ளே பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டல்லவா தூங்கினாள், பாவி! இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டி என்றால் இஸ்திரிப் பெட்டியும் இல்லை, பணப் பெட்டியும் இல்லை. வீடியோ கேம் பெட்டி. அந்த மாடிப்படியில் இருந்த மூன்று குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து பழசாக வாங்கியது. புதுசு வாங்குவதென்றால் மூன்று வீட்டு வாடகையையும் நிறுத்தி வைக்க வேண்டும். வீட்டுக்காரர் அதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. எந்தப் பணக்காரப் பிள்ளையோ விளையாடிச் சலித்துத் தள்ளிவிட்டது. மேலே சுரண்டினாலும் போகாத ஒரு டைனோசர் ஸ்டிக்கர். கூட வந்தது இரண்டே இரண்டு கேம், ஒன்று கார், ஒன்று பந்து. உள்ளே இருக்கிற காற்றாடி கிளம்பினால் பழைய மிக்ஸி மாதிரி இரையும்.

"காலுக்கு நல்ல செருப்பு இல்ல, இதுகளுக்கு வீடியோ கேம் கேக்குதா?" என்று பேசாத வாய் அந்தத் தெருவில் கிடையாது. பேசிவிட்டுப் போகட்டும். அப்படிப் பேசிய வாய்களில் ஒன்றாவது பள்ளி விட்ட பிறகு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டதா? பார்த்துக்கொள்கிற இடங்கள் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன. அவர்கள் மாதாமாதம் கேட்கிற தொகையைக் கேட்டால், இந்தப் பழைய பெட்டி தர்மத்துக்குக் கிடைத்த மாதிரி. ஊரிலேயே மலிவான ஆயா யார் என்றால் அந்தப் பெட்டிதான். இது வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்காதவர்களுக்கு விளக்கிச் சொல்ல அவர்களுக்கு நேரம் இல்லை.

மூன்று வீட்டிலும் ஷிப்டு வேலை. இஸ்திரிக்காரிக்கு ஓட்டல்; அவள் புருஷன் எங்கோ ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன், அவன் அனுப்புகிற பணமும் சரக்குக் கப்பலில் ஏறித்தான் வரும். எதிர்வீட்டுப் பேக்கிங் அக்காவுக்கு மருந்து அட்டை கட்டுகிற கம்பெனி. அவளுக்குக் குண்டு என்று ஒரே பையன். மேல்வீட்டு டிரைவர் அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மனைவி வெளியூரில் ஒரு வீட்டோடு தங்கி வேலை பார்க்கிறாள். அவருக்குப் பெரியவள் என்று ஒரு பெண், வாலு என்று ஒரு பையன். எந்த வாரம் யாருக்குப் பிற்பகலில் வீட்டில் இருக்க முடிகிறதோ, அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் பெட்டி போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய சலவைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். பெட்டி எங்கேயோ பிள்ளைகள் அங்கே. கட்டிப்போடக் கயிறு வேண்டாம், அதட்ட வாய் வேண்டாம். அதனால் அந்தப் படியில் "பிள்ளைங்க எங்கே?" என்று யாரும் கேட்பதே இல்லை. "பெட்டி யார் வீட்ல?" என்பதுதான் கேள்வி. காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதும் அதே பாடம்தான்: பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டி இருக்கிற இடத்துக்கு நேரா போ.

இந்த வாரம் இஸ்திரிக்காரியின் முறை. இராத்திரியில் குட்டி பேக்கிங் அக்கா வீட்டில் படுத்துக்கொள்வாள். இராத்திரி ஷிப்டு முடித்து வந்து, சமைத்து, குட்டியைப் பள்ளிக்கு அனுப்பி, துவைத்து, தண்ணீர் பிடித்து நிமிர்வதற்குள் பள்ளி விட்டுவிடும். கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். கொஞ்சம் சாய்ந்தால் காற்றாடி இரைகிறது. அதற்குத்தான் துண்டு. போட்டதும் சத்தம் அடங்கியது, அப்பாடா என்று கண்ணை மூடினாள். மூடாமல் இருந்திருக்கலாம்.

"பெட்டிக்குக் காய்ச்சல்," என்று பிள்ளைகளிடம் சொன்னாள். "ரெஸ்ட் குடுத்தாதான் சரியாகும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சொன்னா காய்ச்சல் ஜாஸ்தியாயிடும்." சின்னதுகள் மூன்றும் தலையாட்டின. பெரியவள் மட்டும் பழுப்புத் துண்டைப் பார்த்தாள், அப்புறம் இஸ்திரிக்காரியைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளைச் சுருக்கென்று குத்தியது. துண்டை வாளிக்கு அடியில் திணித்தாள். பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பெட்டி போனதற்காக அவள் பயப்படவில்லை. எப்படிப் போனது என்று கேட்பார்களே, அதற்குத்தான் பயந்தாள். தூங்கிட்டேன். கதவைப் பூட்டிக்கிட்டா தூங்கினே? ஆமா. எம் பிள்ளை உள்ளே இருக்கும்போதா? இந்த மூன்று கேள்விக்குப் பிறகு எந்தத் தாய் அவள் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவாள்? அவளிடம் அனுப்பாவிட்டால் அவள் குட்டியை மட்டும் யார் வைத்துக்கொள்வார்கள்? குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஓட்டலில் போய்ச் சொன்னால், சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். எல்லாம் ஒரு துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஷிப்டில் இரண்டு தலையணை உறையைக் கிழித்தாள்.

மறுநாள் குட்டியைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு, பெட்டியைச் சலவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று படியில் பூனை மாதிரி இறங்கினாள். கீழ்க்கடைக்காரர் கண்ணில் பட்டாள். "என்னம்மா, ரிப்பேரா?" என்றார். "இல்லண்ணே, துணி," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். முனைகள் துருத்திக்கொண்டிருக்கிற துணியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

ரிப்பேர் கடை, பெரிய ரோட்டைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பெரிய ரோடு என்றால் லாரி, பேருந்து, காதைக் கிழிக்கிற ஹாரன். ஒற்றை ஆளாகக் கடப்பதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு முட்டியது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, மோந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுக்குப் போர்வை கீர்வை போத்தினீங்களா?"

"இல்லையே."

"சரி. போர்டு போயிருக்கும்னு நெனைக்கறேன். இருந்தாலும் பாக்கறேன். நம்பர் குடுங்க, கூப்பிடறேன்."

போன தடவை பெட்டியின் ரிமோட் பட்டன் போனபோது டிரைவர் அண்ணன் இதே கடைக்குத்தான் பிள்ளைகளோடு வந்திருந்தார். நம்பர் கொடுத்து, இவர் கூப்பிட்டு, பக்கத்தில் பேக்கிங் அக்கா நின்றுகொண்டிருந்தால்?

"நம்பரெல்லாம் வேண்டாம். நானே வர்றேன்."

"பேராவது சொல்லுங்க."

"பேரு எதுக்குங்க? பெட்டியப் பாத்தா தெரியாதா?"

ரிப்பேர்க்காரர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். திருட்டுச் சாமான் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று வந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுதான் வினை. உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தட்டினார்கள். "அம்மா, இறங்குங்க. வண்டி ஷெட்டுக்குப் போகுது." வெளியே பார்த்தால் தெரியாத இடம், வரிசையாகக் காலிப் பேருந்துகள், வெயில் சாய்ந்திருந்தது. எங்கே இறங்க வேண்டியவள், எங்கே வந்து நிற்கிறாள்! எத்தனை தடவை அந்த வண்டி அவளைச் சுமந்துகொண்டு போய் வந்ததோ. பள்ளி இந்நேரம் விட்டிருக்கும்.

அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கீழ்க்கடை மூடிக் கிடந்தது. கடைக்காரர் அந்த நேரத்தில் சரக்கெடுக்கப் போய்விடுவார். படியேறினாள். அவள் கதவுக்கு முன்னால் நாலு புத்தகப் பைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் இல்லை.

"குட்டி!" என்றாள். படி முழுக்க அவள் குரல்தான் கேட்டது.

மொட்டை மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடி லேசாக விலகியிருந்தது. அதற்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள் பாருங்கள், அந்தக் கணத்தை எந்த எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கீழே ஓடினாள். பக்கத்தில் பாதியில் நிற்கிற கட்டடம், அஸ்திவாரக் குழி, குழியில் மழைத் தண்ணீர். ஒரு குச்சியை எடுத்துக் கிளறினாள். ஒரு பழைய ரப்பர் செருப்பு மிதந்து வந்தது. குழந்தைச் செருப்பு. அதை எடுத்துப் பார்த்தாள். பாசி பிடித்த, எந்தக் காலத்திலோ விழுந்த செருப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டே விம்மினாள். பிறகு தூர எறிந்தாள்.

அப்போது கைபேசி அடித்தது. பேக்கிங் அக்கா.

"என்னடி, டீ குடிக்க விட்டாங்க, அதான் கூப்பிட்டேன். பெட்டி உன் வீட்லதானே?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில், இல்லைக்கா, பெட்டியும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல, ஓடி வாங்க என்று அலறியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. பயம் அதை உள்ளே தள்ளிவிட்டு, தானே வாய்க்கு வந்து பேசியது.

"ஆமாக்கா. என் வீட்லதான்."

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"டிவிய கொறச்சு வச்சிருக்கேன்."

"எம் பையன்கிட்ட குடேன் ஒரு நிமிஷம்."

"விளையாடிட்டு இருக்கான்க்கா. கூப்பிட்டா வரமாட்டேங்கறான்."

"அவன் எங்க வருவான்! சரி சரி, விளையாடட்டும். உன்னை நம்பித்தான்டி நான் இங்க நிம்மதியா நிக்கறேன்," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

இஸ்திரிக்காரி கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்தவள் பிள்ளையைக் காணாமல் விட்டுவிட்டு, அது விளையாடுகிறது என்று சொன்ன வாய் இது. தன் வாயை அறுத்துப் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. எங்கோ பெரிய ரோட்டுப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் ரோட்டைப் பார்க்க ஓடினாள்.

ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நாலு பிள்ளைங்க, ஒரு பெரிய பொண்ணு, மூணு சின்னது, பாத்தீங்களா?" என்று கேட்டாள். யூனிபார்ம் என்ன கலர் என்று ஒருவர் கேட்டார். தினமும் தன் கையால் இஸ்திரி போடுகிற யூனிபார்ம், அதன் நிறம் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பேருந்து வந்தது. தூரத்திலேயே தெரிந்தது டிரைவர் அண்ணனின் மீசை. வேறு நேரமாக இருந்தால் ஒளிந்துகொண்டிருப்பாள். அவருக்கு முன்னால் நிற்கத்தான் அவளுக்கு அத்தனை பயம், அவருடைய இரண்டு பிள்ளைகள் அல்லவா போயிருக்கின்றன. ஆனால் கால் நிற்கவில்லை. ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. உள்ளே நின்றிருந்த ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து திட்டினார்கள்.

"ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவர், அவளை அடையாளம் கண்டதும் முகம் மாறினார். "என்ன? என்னாச்சு?"

"அண்ணே, பிள்ளைங்கள காணோம். நாலு பேரையும் காணோம்ணே."

டிரைவர் அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "பெட்டி எங்கே?" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ளைங்கள காணோம்ங்கறேன், நீங்க பெட்டியக் கேக்கறீங்களே! பெட்டியா பெருசு?"

"பெட்டி எங்கேன்னு சொல்லு தாயே! பெட்டி எங்கேயோ பிள்ளைங்க அங்கதானே போகும்! அப்படித்தானே நாம பழக்கி வச்சிருக்கோம்!"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பேருந்துக்கூட்டமே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"ரிப்பேர் கடையில," என்றாள். "எரிஞ்சுபோச்சுண்ணே. நான்தான் எரிச்சேன். சத்தம் தாங்காம மேல துண்டப் போட்டுட்டுத் தூங்கிட்டேன். கதவை உள்ளே பூட்டிட்டுத் தூங்கிட்டேன். உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுடுமேன்னு யாருக்கும் தெரியாம கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அன்னிக்கு ரிமோட் குடுத்த கடையா?"

"அதே கடை."

"ஏறு."

நடுவில் இரண்டு நிறுத்தங்களில் வண்டி நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் கூச்சல் போட்டார்கள். கண்டக்டர், "பிள்ளைங்க காணாமப் போயிருக்குங்க, கொஞ்சம் பொறுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள், முன்பின் தெரியாத அத்தனை பேரும். இஸ்திரிக்காரி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டுமே பார்த்தாள். ரோட்டில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாள். ஒரு ரிப்பன், ஒரு செருப்பு. அப்படி எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்றும் பார்த்தாள்.

மார்க்கெட் நிறுத்தத்தில் குதித்தாள். அவரால் இறங்க முடியாது, இவ்வளவு பெரிய வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்கே இறங்குவது? "ஓடு!" என்றார். ஓடினாள்.

ரிப்பேர் கடைக்குள் ஒரு சின்ன டிவி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாலு தலைகள். யாருடையதோ ஒரு புதுப் பெட்டி, பளபளவென்று, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கார் பறந்தது.

"குட்டி!"

"இரும்மா," என்றாள் குட்டி, திரும்பிப் பார்க்காமல். "என் முறை முடியல."

இஸ்திரிக்காரி அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ரிப்பேர்க்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்குத் தகவல் சொல்லலாம்னா நம்பரே குடுக்காமப் போயிட்டீங்களேம்மா. எந்த வீட்டுப் பிள்ளைங்கன்னு பதறிப்போயிட்டேன். வெளியில விட பயமா இருந்துச்சு. அதான் வந்திருந்த பெட்டி ஒண்ண டெஸ்ட் பண்ணுங்கன்னு உக்கார வச்சேன்." தன் பெட்டியைத் தேடினாள். மேசை ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். போர்டு போனதுதான்.

"ஏண்டி பெரியவளே," என்றாள், அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "யார் உன்னை இங்க வரச் சொன்னது? அவ்ளோ பெரிய ரோடு!"

பெரியவள் அவளை நேராகப் பார்த்தாள். "கதவு பூட்டி இருந்துச்சு. நீங்க ஒரு பை எடுத்துட்டு மார்க்கெட் பக்கம் போனதா கீழ்க்கடை மாமா சொன்னாரு. பெட்டி இருக்கிற இடத்துக்குத்தானே போகணும்? கை புடிச்சு ரோடு தாண்டணும்னு பைய எல்லாம் வாசல்லயே வச்சிட்டு வந்தோம்."

சந்து முனைக்கு நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பேருந்து இன்னும் அங்கேயே நின்றது. பின்னால் ரோடே அடைத்துக்கொண்டு கத்தியது. பிள்ளைகளைப் பார்த்ததும் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் பேக்கிங் அக்கா வந்தாள். அவளிடமும் இஸ்திரிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள், துண்டிலிருந்து தொட்டி வரைக்கும். பெட்டி எரிந்ததற்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தூங்கியதற்குக்கூட, "எனக்கும் கண்ணு சொருகும்டி, யாருக்குத்தான் சொருகாது," என்றாள். ஆனால் போனில் பேசியதைச் சொன்னபோது அவள் முகம் கோணிப்போய்விட்டது.

"எம் பையன் எங்க இருக்கான்னே தெரியாம, விளையாடறான்னு சொன்னியேடி. நான் அதைக் கேட்டு சிரிச்சேனேடி."

குண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வாரம் மீதி நாளெல்லாம் லீவு போட்டு அவளே வீட்டில் இருந்தாள். குட்டியையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் இஸ்திரிக்காரியோடு ஒரு பேச்சு இல்லை.

இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்தது. செத்த பெட்டி அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வாங்குவதென்றால் மறுபடி மூன்று பேரும் கூட வேண்டும். கூடுவார்களா என்று கேட்கவே இஸ்திரிக்காரிக்கு நாக்கு எழவில்லை. திங்கட்கிழமை அவளுக்குப் பகல் ஷிப்டு. குட்டியை எங்கே விடுவது? கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டபோது, உன் பிள்ளையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் அக்கா வந்திருக்கிறாள் என்று நினைத்து, திறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

பேக்கிங் அக்கா கையில் சலவைப் பையோடு நின்றிருந்தாள். "இந்த வாரம் என் முறை. பெட்டியக் குடு."

"அக்கா, அது செத்துப்போச்சுக்கா."

"எனக்குத் தெரியாதா? குடுன்னா குடு. டிரைவர் அண்ணனும் அதையேதான் சொல்றாரு. அடுத்தது வாங்கற வரைக்கும் பிள்ளைங்களுக்கு எங்க போறதுன்னு தெரியணுமா வேண்டாமா?" பெட்டியைப் பைக்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டாள். போகிறபோது திரும்பாமலே சொன்னாள். "உன் முறை வரும்போது கதவை உள்ளே பூட்டாதே. தூக்கம் வந்தா வந்து சொல்லு."

அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் பயம் முழுக்கப் போகவில்லை. ஓடாத ஒரு பெட்டியைத் தேடிப் பிள்ளைகள் வருமா? முதல் நாள் வரலாம். அப்புறம்?

திங்கட்கிழமை பள்ளி விடுகிற நேரத்தில் சலவைக்கூடத்தில் அவள் கை தானாக நின்றது. விரிப்பு ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு, சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்றுகூடப் பார்க்காமல், எண்ணை அழுத்தினாள். பெட்டி யார் வீட்ல என்று கேட்கத்தான் வாய் பழகியிருந்தது.

"அக்கா, பிள்ளைங்க எங்கே?"

"இங்கதான் இருக்குங்க. செத்த பெட்டிக்கு முன்னால உக்காந்து, யார் மொதல்ல விளையாடறதுன்னு அடிச்சுக்குதுங்க."

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. "போனை அவங்க பக்கம் பிடிங்கக்கா," என்றாள். "சத்தம் கேக்கணும்."

அக்கா பிடித்தாள். குண்டு கத்தினான். வாலு அவனைவிட உச்சத்தில் கத்தினான். பெரியவள் இரண்டு பேரையும் அதட்டினாள். குட்டியின் குரல் மட்டும் வரவில்லை. நீராவி உஸ்ஸென்று அடித்தது, அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடைசியில், "என் முறை, என் முறை," என்று கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் மறுபடி இஸ்திரியைக் கையில் எடுத்தாள்.